ஆஸ்பத்திரி றோட்டுப் பெட்டிசம்

— ராத்தா, முதல்ல கையெழுத்தப் போடுங்க. மத்ததெல்லாம் பொறவு ஆறுதலாக் கதைப்பம்.

— மூண்டு நாளா உனக்கு ஆளனுப்புறன், ஜெஸீம். கூடப் பொறந்தவள் கூப்பிட்டா வர நேரமில்ல. இப்ப ஒரு பேப்பரத் தூக்கித்து வந்து மூஞ்சிக்கு நேர நீட்டுறாய்.

— மூண்டாம் மாடிக்கு டைல்ஸ் பதிக்கிறானுகள். பக்கத்தில நிண்டாத்தான் ஒழுங்காப் பதிப்பானுகள். நீங்க கூப்பிட்ட விசயம் என்ன?

— அது கிடக்கட்டும். உன்ட கதய முதல்ல முடி. உள்ளுக்கு வந்து இரி. ஏன் இப்பிடி இளைக்கிறாய்? என்ட வாசல்ல மூண்டு படிதானே இரிக்கி.

— வெயிலுக்க நடந்து வந்தன், அதான்.

— தேத்தண்ணி ஊத்தவா? சீனி போடாம.

— வேணா. வாய்க்கு ஒண்டும் புடிக்குதில்ல. என்ட கடைப் புரியாணி மணமே எனக்குக் குமட்டுது. ஊர்ச் சனம் அதுக்கு வரிசையில நிக்கிது, முதலாளிக்கு மட்டும் ஏலா.

— எத்தின நாளா?

— அத விடுங்க ராத்தா. விசயம் என்னெண்டா, நம்மட பெரியாஸ்பத்திரிக்கு வாற எண்டு சொன்ன நாலு டயலைசிஸ் மெசின் இரிக்கில்லயா, அத இப்ப கிட்டங்கி ஆத்துத் தாம்போதிக்கு அங்கால, நாவிதன்வெளிப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் குடுக்கப் போறாங்களாம். முடிவே எடுத்தாச்சாம்.

— கேள்விப்பட்டன்.

— கேள்விப்பட்டுத்து இப்பிடிச் சாதாரணமா இரிக்கீங்க. உங்கட நாலு அறையிலயும் வந்து தங்குறது ஆரு? எல்லாம் அங்காலருந்து ரத்தம் சுத்த வாற சனம். அவங்களுக்கு அங்கயே மெசின் வந்தா இஞ்ச ஆர் வரப்போற? நீங்க காத்து வாங்கித்து இரிக்க வேண்டியதான்.

— சரி, அதுக்கு இந்தப் பேப்பர் என்ன செய்யும்?

— இது ரெண்டாவது பேப்பர். முதலாவது போன மாசம் வர்த்தகர் சங்கத்தால அனுப்பின. மசூர் ஹாஜியார் தலைவர், ஸிராஜ் செயலாளர், நான் பொருளாளர். பதினாலு பேர் ஒப்பம் வெச்சி, சீல் குத்தி, சுகாதாரத் திணைக்களத்துக்கு அனுப்பினம். மெசின இஞ்சயே வெச்சா, றோட்டு அகலிக்க ஊட்டுக்கு ஆறடி காணி சும்மா விட்டுத்தாறம் எண்டு எழுதினம். 'ஆஸ்பத்திரி வீதிக் காணி உரிமையாளர்கள்' எண்டு தலைப்பு.

— நல்ல தலைப்பு. மறுகா?

— திரும்பி வந்திரிச்சி.

— ஏன்?

— அங்க ஒரு கிளார்க். வேல வெட்டியில்லாதவன் போல. எங்கட காணி உறுதிப் பத்திரம் எல்லாத்தையும் தேடி எடுத்துப் பாத்திரிக்கான். பதினாலு பேரில ஒருத்தன்ட பேரிலயும் ஒரு பேர்ச் காணி இல்லயாம். 'உரிமையாளர்களின் ஒப்பத்துடன் மீளச் சமர்ப்பிக்கவும்' எண்டு சிவப்பு மையால எழுதி அனுப்பியிரிக்கான். ராத்தா, சிரிக்காதீங்க.

— சிரிக்காம என்னடா செய்ற? றோட்டு முழுக்கப் பொம்புளயள்ட சீதன ஊடு. இவனுகள் வந்து குடியிரிக்க மாப்புளமார். விட்டுக்குடுக்க உங்களுக்கிட்ட என்னகா இரிக்கி, சங்கத்துச் சீலத் தவிர?

— அது எங்களுக்குத் தோணவே இல்ல. முப்பது வருசமாக் கடை நடத்துறம், நம்மட காணி எண்டுதானே நினைப்பு. மசூர் ஹாஜியார் ரெண்டு நாளா ஊட்ட விட்டு வெளிய வரல்ல, வெக்கத்தில.

— அப்ப இப்ப ஊடு ஊடாப் போய்ப் பொம்புளயளக் கெஞ்சுறாய்.

— நேத்துருந்து பன்னெண்டு ஊட்டுக்குப் போனன். எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்றாங்க. 'ஸைனம்பு ராத்தாட்ட முதல்ல போங்க, அவ என்ன சொல்றாவோ அதுதான்.' மாறிக் கதைக்க ஒரு ஊட்டிலயும் ஆளில்ல. உங்களுக்கு இந்த றோட்டில இவ்வளவு மதிப்பு எண்டு எனக்கே இப்பதான் தெரியும். நீங்க போட்டா பின்னால எல்லாரும் போடுவாங்க.

— றஸ்னா?

— அவள் என்ட பொஞ்சாதிதானே. அவள்ட கடைசியா எடுத்துக்குவன். இதச் சிங்களத்திலயும் எழுதித் தா, நீ இஸ்கோல்ல அதத்தானே படிப்பிக்கிற எண்டு கேட்டன். தலையிடி எண்டு போய்ப் படுத்திட்டாள்.

— பாவம், அவளுக்கு உண்மையிலயே தலையிடியாத்தான் இரிக்கும்.

— எனக்குக் கோவம் மெசின் போறதில மட்டுமில்ல ராத்தா. இது அரசாங்கம் தானா யோசிச்ச வேலயில்ல. எவனோ ஒருத்தன் பெட்டிசம் அடிச்சிரிக்கான். தமிழ், சிங்களம், இங்கிலீசு மூண்டிலயும். நல்ல சிங்களமாம், அந்தக் கிளார்க்கே சொன்னான். இந்த றோட்டு வளர்றது எவன்டயோ கண்ணக் குத்துது. ஆரெண்டு கண்டுபுடிக்காம நான் விடமாட்டன்.

— கண்டுபுடிச்சி?

— கேப்பன். ஒரு கேள்வி கேப்பன். பதினாலு குடும்பத்துட சோத்தில ஏன் மண்ணப் போட்டாய் எண்டு.

— நான் ஒண்டு கேக்கன் ஜெஸீம். நீ சும்மா கிடந்த புள்ள, இந்தப் பெரிய கதயெல்லாம் உனக்கு ஆர் சொல்லித் தந்த?

— போன வருசம் அம்பாறையில ஹோட்டல் ஒண்டில கருத்தரங்கு வெச்சாங்களே, நான் போனன்தானே. கொழும்பால ஒரு லெக்சரர் வந்த. சுகாதாரத் துறைதான் இனிப் பொருளாதார வளர்ச்சிட எஞ்சின் எண்டார். ஒரு நோயாளி ஒரு ஊருக்கு வந்தா அஞ்சு பேருக்குத் தொழில். ஆட்டோக்காரன், பாமசிக்காரன், லெப் வெச்சிரிக்கிறவன், சோத்துக் கடைக்காரன், தங்குற இடம் வெச்சிரிக்கிறவன். நான் கேட்டுத்து வந்து நம்மட றோட்டப் பாத்தன். ஒவ்வொண்டும் அச்சொட்டாச் சரி. மாடி கட்டத் தொடங்கினதே அந்தக் கதயக் கேட்டுத்தான்.

— அந்த லெக்சரர், நோயாளி சுகமாகி ஊட்ட போனா எத்தின பேருக்குத் தொழில் எண்டும் சொன்னவரா?

— பகிடி பண்ணாதீங்க. கணக்க யோசிங்க. இப்ப இரிக்கிற பத்து மெசினும் ஒரு நிமிசம் சும்மா கிடக்கிறல்ல. வெயிட்டிங் லிஸ்ட்டில இருவத்தாறு பேர். இருவத்தாறு எண்டா சும்மாவா? இருவத்தாறு குடும்பம். கிழமைக்கு ரெண்டு தரம், வருசம் முழுக்க. மெசின் நாலும் இஞ்ச வந்தா அவ்வளவு பேரும் என்ட மாடிக்குத்தானே வருவாங்க.

— இருவத்தாறா?

— ஓம், இருவத்தாறு. வார்ட்டில கேட்டுத்துத்தான் சொல்றன்.

— நல்லா ஞாபகம் வெச்சிக்க.

— தங்கச்சி, சொறிக்கல்முனைப் பஸ் அஞ்சரைக்கா, ஆறுக்கா?

— அஞ்சரைக்கு, செல்லத்தம்பி அண்ணன். இன்னம் நேரமிரிக்கி. உங்கட அறையில கொஞ்சம் படுத்திரிந்தா என்ன? மெசினால எறங்கி ரெண்டு மணித்தியாலம் ஆகல்ல.

— படுத்துப் படுத்து முதுகு நொந்திரிச்சி. ஆ, முதலாளியும் இரிக்காரு. நான் இடைஞ்சலோ?

— இல்லண்ணன், நல்ல நேரம் வந்தீங்க. இஞ்ச வந்து இரிங்க. ராத்தா, அண்ணனுக்கு அந்தக் கதிரையக் குடுங்க. நான் உங்களத் தேடி வரத்தான் இரிந்தன். நோயாளிகள் பக்கத்தாலயும் ஒரு கையெழுத்து இரிந்தா பாரமா இரிக்கும் எண்டு ஸிராஜ் சொன்ன. நீங்க வயல் வட்டைக்காரன், நாலு பேர் மதிக்கிற ஆள்.

— என்ன பேப்பர் முதலாளி? வாசிக்கட்டா?

— வாசிங்க, வாசிங்க. ஒளிக்க ஒண்டுமில்ல.

— கண்ணாடியப் போடுறன், பொறுங்க. 'கிட்டங்கிக்கு அப்பாலுள்ள சிறுநீரக நோயாளிகள், கல்முனை நகருக்கு வந்து சிகிச்சை பெற்றுச் செல்வதையே பெரிதும் விரும்புகின்றனர்.' இது ஆர் சொன்ன?

— அது பொதுவா எழுதின, அண்ணன்.

— 'போக்குவரத்தில் அவர்களுக்கு எவ்வித இடர்ப்பாடும் இல்லை.' இதுவும் பொதுவாத்தான்?

— ஒரு கடிதம் எண்டா அப்பிடி இப்பிடி எழுதத்தானே வேணும்.

— ஓம், ஓம். எழுத்து நல்ல எழுத்து. சும்மா சொல்லக்கூடா. முதலாளி, குணம் எண்டு ஒருத்தன், உங்களுக்குத் தெரியும். உங்கட கடையில ஆட்டெறச்சி வேணா, மீன் ஆணம் மட்டும் ஊத்தச் சொல்ற மெலிஞ்ச மனிசன்.

— தெரியும் அண்ணன். மௌத்தாகிட்டார் எண்டு கேள்விப்பட்டன்.

— அவனுக்கும் எனக்கும் ஒரே முறை. செவ்வாயும் வெள்ளியும். அவன் மூண்டாம் நம்பர்க் கட்டில், நான் நாலாம் நம்பர். போன மாரியில கிட்டங்கித் தாம்போதி றோட்டுக்கு மேலால தண்ணி ஏறினது. பஸ் இல்ல, ஆட்டோ இல்ல. ஒரு செவ்வாய் போயிரிச்சி, வெள்ளியும் போயிரிச்சி. எனக்கு நெஞ்சுக்க தண்ணி கட்டின மாதிரி, படுக்க ஏலா, இரிந்தபடியே தூங்குறன். அடுத்த திங்கள் உழவு மெசின்ட பெட்டியில எங்க ரெண்டு பேரையும் ஏத்தினாங்க. தாம்போதிட இங்கால கரைக்கு வந்து பாத்தா நான் மட்டும்தான் மூச்சு விடுறன்.

— அல்லாஹ்.

— உங்கட றோட்டுக்கு ஒரு மைல் இரிக்கி அந்த இடத்திலருந்து. அவ்வளவுதான். அவன்ட தல என்ட மடியில. ஆரையும் குறை சொல்லல்ல முதலாளி. தண்ணி வாற காலத்தில வரும். அது அதுட வேல. ஆனா இடர்ப்பாடு இல்ல எண்டு எழுதியிரிக்கிற பேப்பரில நான் எப்பிடி ஒப்பம் வெக்க?

— அண்ணன், அந்த வரிய வெட்டிடுறன். இப்பவே வெட்டுறன். ஆனா என்ட பக்கத்தையும் கேளுங்க. டொலர் ஏறி ஊரே விழுந்து கிடந்த நேரம், அக்கரைப்பற்றில, நம்மட சந்தையில, எத்தின கடை பூட்டிச்சி எண்டு தெரியுமா? இந்த றோட்டு மட்டும்தான் நிண்டிச்சி. என்ட கடையில எட்டுப் பேர் வேல. அதில மூண்டு பேர் உங்கட பக்கத்துப் புள்ளயள். காசு மேசையில இரிக்கிற சுஜித்தா உங்கட தங்கச்சிட மகள்தானே? நான் மாடியப் பூட்டினா அந்தப் புள்ள எங்க போற?

— அதுவும் நியாயம்தான். அந்தப் புள்ளட சம்பளத்திலதான் அவளுட அடுப்பு எரியுது. உங்கள நான் கெட்ட மனிசன் எண்டு சொல்லல்ல. உங்கட மூண்டாம் மாடி எழும்புறத நான் மெசினில படுத்துக்கொண்டே பாத்தவன். என்ட கட்டில் ஜன்னலடி. முதல்ல கம்பி வந்த, மறுகா கல்லு, மறுகா பச்சப் பெயின்ட். ஒவ்வொரு செவ்வாயும் கொஞ்சம் கொஞ்சமா எழும்பும். அந்த நாலு மணித்தியாலத்துக்கு எனக்குப் பாக்க அது ஒண்டுதான் இரிந்த.

— அப்ப உங்களுக்குச் சந்தோசம்தானே அண்ணன், ஊர் வளர்றது.

— சந்தோசம்தான். எனக்கு ஆறேக்கர் வயல் முதலாளி. செவ்வாய் மெசின் எண்டா, காலையில பஸ்ஸ நம்ப ஏலாம திங்களே பொறப்பட்டு வந்து இந்தத் தங்கச்சிட ஊட்டில தங்கோணும். புதன் எழும்ப ஏலா. மறுகா வியாழன், வெள்ளி, சனி. கிழமையில ஆறு நாள் போயிரிச்சி. மிச்சம் ஒரு நாளில வேளாமை செய்ய ஏலுமா? குத்தகைக்குக் குடுத்திட்டன். மெசின் என்ட ஊருக்குக் கிட்ட வந்தா, காலையில போய்ப் படுத்து, பகல் ஊட்ட வந்து சோறு திண்டு, அடுத்த நாள் வரம்புக்குப் போவன். மண்வெட்டி புடிக்க ஏலாட்டியும், நிண்டு தண்ணியக் கட்டவாவது ஏலும். அந்தக் கொழும்பு லெக்சரர் என்ட ஆறேக்கரையும் கணக்கில சேத்தவரோ தெரியா.

— அண்ணன் கதைக்கிறதக் கேட்டயா ஜெஸீம்? நம்மட றோட்டு வளந்ததான், நான் இல்லண்டு சொல்லல்ல. நானும் அதிலதான் சோறு திண்டன். என்ட மாப்புள மௌத்தான பொறவு ரெண்டு குமரக் கரை சேத்தது இந்த நாலு அறையாலதான். ஆனா நாம ஒவ்வொரு மாடியா எழும்ப, அங்கால ஒவ்வொரு ஏக்கராக் குத்தகைக்குப் போயிரிக்கி.

— அப்ப நீங்க போடமாட்டீங்க.

— போடமாட்டன்.

— உங்கட அறை நாலும் பூட்டிக் கிடந்தா?

— இடியாப்பம் அவிப்பன். ஆறு வருசத்துக்கு முன்ன அவிச்ச கைதானே. எனக்குப் பயமில்லாம இல்ல. போன கிழமை ஒழுங்கா ஒறக்கமில்ல. இந்த வயசில மறுகா ஒருக்கா அடுப்படியில நிக்கோணுமா எண்டு அழுதும் போட்டன். ஆனா குணம் மௌத்தான அண்டு அண்ணன் ஈரச் சாரத்தோட இந்த வாசல்ல வந்து நிண்டார். அதப் பாத்த பொறவு, இந்தக் காசு பறகத்தான காசா எண்டு ஒரு கேள்வி வந்திரிச்சி எனக்கு. வந்த கேள்வி போகல்ல.

— விளங்குது. விளங்குது ராத்தா. ஆனா நீங்க போடாட்டி மத்தவங்களும் போடமாட்டாங்களே. அந்தப் பெட்டிசம் அடிச்சவன் வெண்டுட்டான்.

— அவன் எண்டு ஏன் சொல்றாய்?

— வேற எப்பிடிச் சொல்ற?

— அடிச்சது நான்.

— என்ன கதை இது?

— போன தை மாசம், இந்த மேசையில வெச்சி எழுதின. காணிக்காரர் பதினாலு பேரும் ஒப்பம். உண்மையான காணிக்காரர். அதான் திரும்பி வரல்ல. ஸிராஜ்ட பொஞ்சாதி சிபானா, மசூர் ஹாஜியார்ட மகள், எல்லாரும். நேத்து நீ போன ஊட்டிலயெல்லாம் 'ஸைனம்பு ராத்தாட்டப் போங்க' எண்டது மதிப்பில இல்லடா. மூஞ்சிக்கு நேர உனக்குச் சொல்ல ஒருத்திக்கும் மனம் வரல்ல.

— பதினாலா? பதினாலு எண்டா... றஸ்னாட ஊடும் சேத்துத்தானே பதினாலு.

— ஓம்.

— அந்தச் சிங்களம்...

— அவள்டதான். மூண்டு நாள் இரிந்து எழுதினாள்.

— என்ட ஊட்டுக்குள்ள இரிந்துகொண்டே. என்ட மாடிக்கு எதிரா.

— அவள்ட ஊடு ஜெஸீம். மாடியும் அவள்ட காணியிலதான் நிக்கிது. பேங்க்கில ஒப்பம் வெச்சதும் அவள்தானே. உன்ன விட அவளுக்கு நட்டம் கூட. தெரிஞ்சுதான் போட்டாள்.

— நான் போறன் ராத்தா. இதுக்கு மேல இரிந்தா நான் ஏதும் சொல்லிப் போடுவன்.

— இரி.

— இல்ல, நான் போறன்.

— முதலாளி, பொறுங்க. செருப்ப மாட்ட முதல் அந்தக் காலக் கொஞ்சம் காட்டுங்க.

— காலுக்கு என்ன அண்ணன்?

— செருப்பு வார் புதைஞ்சி போன மாதிரி அடையாளம் கிடக்கு. விரலால அமத்திப் பாருங்க. அமத்தின குழி மேல வருதா?

— நாள் முழுக்க நிண்டு வேல செய்ற கால். வீங்கத்தானே செய்யும்.

— எனக்கும் முதல் வருசம் அப்பிடித்தான் இரிந்த. வயல்ல நிண்ட கால்தானே எண்டு விட்டிட்டன்.

— ஜெஸீம், இரி தம்பி. நான் மூண்டு நாளா உன்னக் கூப்பிட்டது பெட்டிசக் கதைக்கில்ல. அண்ணன், நீங்க எழும்பாதீங்க. நீங்களும் இரிங்க.

— என்ன ராத்தா? ஏன் அழுறீங்க?

— அழல்ல. உன்ட கீழ்மாடியில அந்த லெப் தொறந்த அண்டு, ரத்தம் எடுக்க முதல் ஊசி உனக்குத்தானே குத்தின?

— ஓம். போட்டோ எடுக்கத்தான். பேஸ்புக்கில போட்ட.

— அந்த றிப்போட்ட நீ போய் எடுத்தயா?

— எனக்கு எங்க நேரம்? கிடக்கட்டும் எண்டுட்டன். றஸ்னா எடுத்திருப்பாள்.

— எடுத்தாள். எடுத்து டொக்டரிட்டயும் காட்டினாள். மறுகா ஒருக்கா, சீனி பாக்க எண்டு உன்னக் கூட்டிப் போய் ரத்தம் எடுத்தாளே, அதுவும் அதுக்குத்தான். டொக்டர் உன்ன நேர வரச் சொல்லி மூண்டு தரம் சொல்லிட்டார். ஒருக்கா நீ சீமெந்து எறக்கினாய், ஒருக்கா கரண்டுக்காரன் வந்த, மற்ற முறை சங்கக் கூட்டம். அவளுக்கு உனக்கிட்டச் சொல்ல வாய் வரல்ல. ராத்தா நீங்க சொல்லுங்க எண்டு கொண்டுவந்து தந்தாள். ஆறு வருசமா நான் இந்த ஊட்டில தங்குறவங்கட றிப்போட்டு எல்லாம் பாக்கிற ஆள். இந்தா, பாரு. மேல உன்ட பேர்தான்.

— கிரியேட்டினின்... இது கூடவா?

— கூட. அண்ணனுக்கு முதல் முதல் மெசின் வெக்கக்குள்ள இரிந்த அளவுக்குக் கொஞ்சம்தான் கீழ.

— எத்தின நாள் ராத்தா?

— மருந்தும் சாப்பாடும் ஒழுங்கா எண்டா இன்னம் கொஞ்சம் தள்ளிப் போகுமாம். இப்பிடியே திரிஞ்சா ஆறு மாசம், ஏழு மாசம். மறுகா உனக்கும் கிழமைக்கு ரெண்டு தரம்.

— பிரைவேட்ல போனா?

— உன்ட மாடிய வித்தா ரெண்டு வருசத்துக்குக் காணும். அதுக்குப் பொறவு?

— அப்ப இஞ்ச... பெரியாஸ்பத்திரியில...

— வெயிட்டிங் லிஸ்ட்டில இருவத்தாறு பேர். நீதானே சொன்ன.

— நான் இருவத்தேழு.

— ஓம். பெட்டிசம் எழுதின நேரம் எங்களுக்கு இது தெரியா ஜெஸீம். அல்லாட மேல ஆண, குணத்துக்காகத்தான் எழுதின. இப்ப நான் தஸ்பஹ் மணி உருட்டக்குள்ள அதத்தான் யோசிக்கன். அங்காலருந்து வாற முப்பது பேரும் தங்கட மெசினுக்குப் போனாத்தான், இந்த லிஸ்ட்டு கரைஞ்சி உன்ட பேர் வரும். நீ அத மறிக்கப் பேப்பரோட ஊடு ஊடாத் திரியிறாய், மெசின் ரெண்டு பக்கமும் வராம இழுபடுறதுக்கு. றஸ்னாக்குத் தலையிடி வராம என்ன செய்யும்?

— அந்தப் பேப்பரத் தாங்க ராத்தா.

— எந்தப் பேப்பர்? றிப்போட்டா?

— ரெண்டையும். அண்ணன்... மெசினில கிடக்கிற நேரம் நோகுமா?

— ஊசி குத்தக்குள்ள மட்டும்தான் தம்பி. மத்தபடி நேரம் போறதுதான் கஷ்டம். நாலாம் நம்பர்க் கட்டில் நல்ல கட்டில், ஜன்னலடி. நான் அங்கால போற அண்டு, உன்ட முறை வரக்குள்ள அத உனக்குத் தரச்சொல்லிச் சிஸ்டரிட்டச் சொல்லித்துப் போறன். அதில படுத்தா உன்ட மூண்டாம் மாடி நேர தெரியும்.